‘நீங்கதான் வாரிசு’ என்று வீடு தேடி வந்தவரிடம் 85,000 ரூபாய் விட்ட கதை

பெரியம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள் ஒருவர் வந்தார். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு மனு எழுதுபவர். தெருமுனையில் நாங்கள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தாராம். “பிள்ளை இல்லையே, உயில் எழுதி வச்சாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “அப்போ கூடப் பிறந்த தங்கச்சிதான் வாரிசு. வீட்டை உங்க அம்மா பேருக்கு மாத்தித் தர்றது என் பொறுப்பு, தம்பி.”

பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பெரியப்பா இறந்து பல வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் என் அம்மாதான். அதனால் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. வாரிசுச் சான்றுக்கு 35,000, அப்புறம் கோர்ட் செலவு என்று 50,000. ரசீது கேட்டேன். “இதுக்கெல்லாம் யாரு தம்பி ரசீது தர்றாங்க” என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் எரிகிறது.

ஏழு மாதம் இழுத்தடித்தார். ஒருநாள் சொல்லாமல் போய் நின்றபோது, அவர் மேஜை முன்னால் பெரியப்பாவின் அண்ணன் மகன்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடமும் “நீங்கதான் வாரிசு” என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்!

பிறகுதான் ஒரு வக்கீலைப் பார்த்தோம். இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 15. பிள்ளைகளும் கணவரும் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய்க்கே அதற்குப் பிறகுதான் இடம், உடன்பிறந்தவள் இன்னும் பின்னால். 2009-இல் ஓம் பிரகாஷ் எதிர் ராதா சரண் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அந்த வழக்கில் இறந்துபோன பெண், கல்யாணமான மூன்றே மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டார் விரட்டிவிட, பிறந்த வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போனவர். அவருடைய சம்பாத்தியம் முழுவதும் கணவரின் அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போனது. இது நியாயமா என்றால் என்னிடம் பதில் இல்லை.

எங்கள் கதையில் அந்த அண்ணன் மகன்களுக்கும் ஒன்றுமில்லை. பெரியப்பாவின் தங்கை ஒருவர் உயிரோடு இருக்கிறார். உடன்பிறந்தவர் இருக்கும்போது உடன்பிறந்தவரின் பிள்ளைகளுக்குப் பங்கு வராது. பெரியம்மாவை இருபது வருடமாக எட்டிப் பார்க்காத அந்த அத்தைக்குத்தான் வீடு. வங்கி டெபாசிட்டில் நாமினி நான்தான். ஆனால் நாமினி பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் அல்ல என்றார் வக்கீல்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மயிரிழையில் தப்பியது. தாத்தா இறந்தபின் பாகத்தில் பெரியம்மாவுக்கு வந்த அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. தகப்பன் வழியில் வாரிசாக வந்த சொத்து, பிள்ளை இல்லாவிட்டால், தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். அதாவது என் அம்மாவுக்கும் மாமாவுக்கும். (தாத்தா உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட், அதாவது தானமாக, எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு.) இதை அந்த ஆள் மூச்சுவிடவில்லை. மாறாக, “நிலம் வில்லங்கம், ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுக் கொடுத்துட்டா வீடு சீக்கிரம் முடியும்” என்று பதிவுக்கு நாள் குறித்துவிட்டார். விடுதலைப் பத்திரம் என்றால் அம்மா அந்த நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதித் தருவது. அன்று அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். போகவில்லை.

ஆகவே உயில் இல்லாமல் யாராவது இறந்தால், தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு, சொத்து எந்த வழியில் வந்தது என்பதை முதலில் பாருங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று உறவைத்தான் காட்டும், சொத்து யாருக்கு என்பதை முடிவு செய்யாது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று: உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம். வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும்.

85,000-இல் கூகுள் பே வழியாகப் போன 20,000-க்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. அதை வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். மேஜை இப்போது அந்த இடத்தில் இல்லை.