பேஸ்புக் பூஸ்ட்டா, வாட்ஸ்அப் பிஸ்னஸா? ஹட்டன் தையல் கடைக்கு எது சரி

தீபாவளிக்கு முன்னால் விளம்பரத்துக்கென்று கொஞ்சம் காசு ஒதுக்கினால் அதை எதில் போடுவது? தையல், கேக், மசாலாத்தூள் என்று சின்னதாக நடத்துகிறவர்கள் ஹட்டன் பக்கம் அடிக்கடி கேட்பது இதைத்தான். நானும் அண்ணியும் பிளவுஸ் தைக்கிறோம். நோட்டீஸ், பேஸ்புக் பூஸ்ட் (காசு கட்டி நம் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டுவது) இரண்டையும் பார்த்துவிட்டு இப்போது வாட்ஸ்அப் பிஸ்னஸில் (கடை நடத்துகிறவர்களுக்கென்று இருக்கிற வாட்ஸ்அப்) நிற்கிறோம். ஆகவே நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது தெரிந்ததுதான்.

நோட்டீஸ் கடை திறக்கிற வாரத்துக்குச் சரி. அதற்கு மேல் அச்சுக் கூலிக்குக் கட்டுப்படியாகாது.

பேஸ்புக் பூஸ்ட்டில் நல்லது இல்லாமல் இல்லை. நம்மைத் தெரியாதவர்கள் கண்ணில் படலாம். ஆரி வேலைப்பாடு செய்த கல்யாண பிளவுஸ் படம் அதில் நன்றாக எடுபடும். ஆனால் விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று ஹட்டனைச் சுற்றி அது போடுகிற வட்டத்துக்கு மலை தெரியாது. வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிற ஊரிலிருந்து இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும். அளவு கொடுக்க ஒரு தடவை, துணி எடுக்க ஒரு தடவை யார் வருவார்கள்? கொமென்டில் விலை கேட்பார்கள், அப்புறம் ஆளைக் காணோம். காசு தீர்ந்த அன்றே பூஸ்ட்டும் நின்றுவிடும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்: வந்தவர் திரும்பி வருவது. பிளவுஸ் ஒரு தடவை தைத்து முடிகிற சாமான் இல்லை. பொங்கல், சித்திரை வருஷப்பிறப்பு, தோட்டத்துக் கோயில் திருவிழா, சடங்கு வீடு என்று வருஷம் முழுக்க வரும். அளவுக் கொப்பியில் அவரவர் பக்கத்தைப் படம் பிடித்து அவரவர் வாட்ஸ்அப் சட்டிலேயே போட்டுவைக்கிறோம். அடுத்த முறை, "அக்கா, போன தடவை தச்ச அதே அளவுதான். கை மட்டும் அரை இஞ்சி இறக்கிடுங்க" என்று ஒரு வொய்ஸ் வரும். துணியை டவுனுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அளவுக்கென்று அவர் வரத் தேவையே இல்லை.

ஒரே செய்தியை நிறையப் பேருக்குத் தனித்தனியாக ஒரே தடவையில் அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். டிக்கோயா, நோர்வூட் பக்கம் ஒன்று. கொட்டகலை, தலவாக்கலை பக்கம் ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறோம். தோட்டத்தில் சம்பளம் போட்ட கையோடு செய்தி போனால்தான் ஓடர் வரும். மாதக் கடைசியில் அனுப்பினால் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். ஒரு சிக்கல் உண்டு. நம் நம்பரை சேவ் பண்ணியவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். அதனால் துணி வாங்கும்போதே, "இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க, தச்சு முடிஞ்சா இதிலதான் சொல்லுவோம்" என்று சொல்லிவிடுகிறோம். துணி வேண்டுமே, உடனே சேவ் பண்ணுவார்கள்.

வாட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம்தான், ஆனால் உழைப்பு வாங்கும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். வொய்ஸ் மெசேஜை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். 'துணி வந்தாச்சு', 'காசு பாக்கி' என்று லேபிள் போடாவிட்டால் பண்டிகை நேரத்தில் யாருடையது எது என்று தலை சுற்றும். இரவில் வருகிறவற்றுக்குத் தானாகப் பதில் போகிற மாதிரி வைத்துக்கொண்டால் தூங்கலாம்.

சுற்றுலாக்காரர் வருகிற எல்ல என்ற ஊர்ப் பக்கம் ரூம் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்றால், சந்தேகம்தான். ஒரு இரவு தங்கிவிட்டுப் போகிற வெளிநாட்டுக்காரர் திரும்பி வரப்போவதில்லை. அங்கே புது ஆட்களைத்தான் தேட வேண்டும், பூஸ்ட் கைகொடுக்கலாம். அந்தத் தொழில் நான் செய்ததில்லை. டிக்டொக்கும் அப்படியே, எங்கள் கை அதில் இன்னும் படவில்லை.

வாட்ஸ்அப் என்று முடிவெடுத்தால் முதல் நாளே கடைக்கென்று தனி சிம் எடுத்துவிடுங்கள். வீட்டு நம்பரில் தொடங்கிவிட்டுப் பிறகு மாற்றினால், பழைய நம்பரை சேவ் பண்ணி வைத்திருக்கிற அத்தனை பேரையும் புது நம்பரை சேவ் பண்ண வைக்க வேண்டும். அதுவரை ஒரு பிராட்காஸ்ட்டும் அவர்களுக்குப் போகாது.