இரண்டரை வருடமாக லாஷ்: தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டதுதான் என் கண்ணைக் கெடுத்தது

சொந்த இமைமுடி மேல் செயற்கை முடியை ஒட்டும் லாஷ் எக்ஸ்டென்ஷனை நான் முதலில் வைத்தது தங்கச்சி கல்யாணத்துக்கு, ஒரு தை மாதத்தில். அன்றிலிருந்து இரண்டரை வருடம் ஆகிறது, நடுவில் மூன்று மாதம் மட்டும் வெறும் இமையோடு இருந்தேன், அந்த மூன்று மாதம் எதனால் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் இங்கே ரங்கூனில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, நான்கு பெண்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அக்கா, கண்ணு அரிக்குது, கழுவினா லாஷ் விழுந்துடும்னு சொல்றாங்க, என்ன பண்றது?"

கழுவுங்கள். இன்றைக்கே கழுவுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

கழுவக்கூடாது என்றுதான் எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். பார்லரில் படுக்கவைத்து, கீழ் இமைமுடியை ஜெல் பட்டையால் மூடி, இரண்டு ட்வீசரை வைத்து ஒவ்வொரு முடியாகப் பிரித்து, அதன் மேல் ஒரு செயற்கை முடியைப் பசையில் தோய்த்து ஒட்டினாள் அந்தப் பெண். இரண்டு மணி நேரம் ஆனது. பசை தோலில் படக்கூடாது, தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டராவது தள்ளி ஒட்டவேண்டும், அதையெல்லாம் சரியாகவே செய்தாள். எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது இது என் கண்தானா என்று இருந்தது, அந்தச் சந்தோஷம் உண்மை, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கிளம்பும்போது அவள் சொன்னது மூன்று: தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, தேய்க்கக்கூடாது. தண்ணீர் விஷயம் பசை நன்றாக இறுகும் முதல் ஒரு நாளைக்குத்தான். அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதம் முகத்தைக் கன்னம் வரைக்கும்தான் கழுவினேன். கண்ணுக்கு மேலே ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

ரங்கூனில் கண்ணைக் கழுவாமல் மூன்று மாதம் என்றால் என்னவெல்லாம் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். வெயில் காலத்துப் புழுதி, அடுப்பங்கரைப் புகை, கன்னத்தில் பூசும் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து காய்ந்து உதிரும் தூள், கோயிலில் பூசாரி நெற்றியில் பூசிவிடும்போது சிதறும் திருநீறு. இதற்கு மேல் நான் விடாமல் கண் மையும் வைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் இமையின் உள்விளிம்பில். அந்த விளிம்பில்தான் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் வரிசையாக இருக்கிறது, மேலிமையில் முப்பது, கீழிமையில் இருபது போல. அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் காக்கிறது. மை வைத்து அந்த வாயை நானே அடைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரியாது.

முதலில் காலையில் மட்டும் அரித்தது. எழுந்தவுடன் இமை லேசாக ஒட்டிக்கொள்ளும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும், பத்து மணிக்குச் சரியாகிவிடும். அலர்ஜி என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒரு நாள் போன் டார்ச்சைப் போட்டு இமையை மேலே தூக்கி கேமராவில் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முடியின் அடியிலும், தோலை ஒட்டி, மெழுகு மாதிரி மஞ்சளாக ஒரு வளையம். சட்டைக் காலர் போல முடியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது, கறுப்பான அழகான இமை மட்டும்தான் தெரியும். லாஷ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தப் படத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

சித்திரையில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திங்யான் வந்தது. இங்கே தண்ணீர் விளையாட்டு என்றால் நான்கு நாளும் தெருவில் யார் எந்த வாளியில் எந்தத் தண்ணீரை மொண்டு முகத்தில் ஊற்றுகிறார்கள் என்று கணக்கே கிடையாது. திங்யான் முடிந்த மூன்றாம் நாள் வலது மேலிமையில் கண்கட்டி. அம்மா உள்ளங்கையில் விரலைச் சூடு பறக்கத் தேய்த்து கட்டி மேல் வைத்தார், அப்புறம் நாமக்கட்டி இழைத்துப் போட்டார். வெந்நீர் ஒத்தடத்தைத்தான் டாக்டரும் பிறகு சொன்னார், ஆக அம்மா சொன்ன சூடு சரிதான், ஆனால் கழுவாத விரலும் கல்லில் இழைத்த நாமக்கட்டியும் இமை ஓரத்துக்கு வேண்டாம். அது அடங்கி, வைகாசியில் இடது பக்கம் இன்னொன்று வந்தபோது மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டே நாளில் சிவப்பு போனது, நிறுத்தினதும் முன்னைவிட அதிகமாக வந்தது, மறுபடி போட்டேன். இப்படி மூன்று வாரம்.

கடைசியில் போய்ப் பார்த்த கண் டாக்டர் ஒரு பர்மியப் பெண்மணி. சயாமா என்றுதான் கூப்பிடுவோம். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி முன்னால் தாடையை வைக்கச் சொல்லி ஒரு நிமிடம் பார்த்தார், பேசவில்லை. பிறகு நான் கொண்டுபோன சொட்டு மருந்துப் பெட்டியை வாங்கிப் படித்தார். "இதில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் இருக்கிறது, யார் போடச் சொன்னார்கள்?" என்று கேட்டார். எனக்கு முகம் செத்துப்போனது. ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும், அதனால் குணமான மாதிரி தெரியும், ஆனால் மேற்பார்வை இல்லாமல் போட்டுக்கொண்டே இருந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம், உள்ளே ஹெர்பிஸ் வைரஸ் தொற்று இருந்தால் அதை வளர்த்துவிடும். அன்று அங்கேயே என் கண் அழுத்தத்தைப் பார்த்தார், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு இருந்தது பிளெஃபரைட்டிஸ், இமை விளிம்பு அழற்சி. தோலில் சாதாரணமாகவே வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகள் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் பெருகி விளிம்பைப் புண்ணாக்குகின்றன, அதே கிருமி சுரப்பிக்குள் போனால் கண்கட்டி. நான் பார்த்த அந்த வளையம் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சி இருப்பதற்கு அடையாளம் என்றார். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், முடியின் வேர்க்குழியிலேயே குடியிருக்கும். கேட்டவுடன் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "பயப்படாதே, வயது ஏற ஏற கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது, கழுவாமல் விட்டால்தான் அளவுக்கு மீறிப் பெருகும்" என்றார்.

லாஷை எடுக்கச் சொன்னார், கையால் பிய்க்காமல் பார்லரில் ரிமூவர் போட்டு எடுக்கச் சொன்னார். பிய்த்தால் சொந்த முடியும் சேர்ந்து வரும். எடுத்த பிறகு இடது ஓரத்தில் சொந்த முடி ஒரு விரல் நகம் அகலத்துக்கு இல்லவே இல்லை. அது திரும்பி வர மூன்று மாதம் ஆனது. அந்த நாட்களில் நான் கண்ணாடி பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

திரும்ப வைக்கலாமா என்று கேட்டபோது சயாமா திட்டவில்லை. "தினமும் கழுவ முடியும் என்றால் வை, முடியாது என்றால் வேண்டாம்" என்றார். தீபாவளிக்கு மறுபடி வைத்தேன், இந்தத் தடவை ஒரு முடிக்குப் பல முடி ஒட்டும் கனமான வால்யூம் இல்லை, ஒரு முடிக்கு ஒன்று என்ற கிளாசிக், நீளமும் குறைவு. அன்றிலிருந்து இன்றுவரை என் வழக்கம் இதுதான்.

இரவில் முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுவேன். லாஷுக்கென்று விற்கும் எண்ணெய் சேராத நுரை ஷாம்புவை மெல்லிய பிரஷில் எடுத்து, கண்ணை மூடி, முடியின் நுனியை விட்டுவிட்டு வேர்ப்பக்கம், தோலும் முடியும் சேரும் கோட்டில், குறுக்காகவும் மேலிருந்து கீழாகவும் முப்பது எண்ணும் வரை மெதுவாகத் தேய்ப்பேன். எல்லோரும் நுனியைத்தான் கழுவுகிறார்கள், அழுக்கு இருப்பது வேரில். பிறகு தண்ணீர். நம் குழாயில் வருகிற தண்ணீரை நான் கண்ணுக்கு நம்பமாட்டேன், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத்தான் சின்ன பாட்டிலில் வைத்து ஊற்றுவேன். டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, காய்ந்ததும் சீப்பு மாதிரி இருக்கும் குட்டி பிரஷால் சீவுவேன். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம். பிரஷை அன்றைக்கே கழுவி நிற்கவைத்துக் காயவிடவேண்டும், ஈரத்தோடு மூடி வைத்தால் அதுவே கிருமிப் பண்ணை. இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்றிவிடுகிறேன்.

வாரத்தில் நாலைந்து நாள் ஒத்தடம். கரண்ட் இல்லாத நாளில் எப்படி என்று கேட்பீர்கள், நம் எல்லோர் வீட்டிலும் வெறும் டீ வைக்கும் பிளாஸ்க் இருக்கிறதே, அதில் காலையிலேயே வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவேன். துணியை நனைத்துப் பிழிந்து மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால் மூடிய கண் மேல், ஆற ஆற மாற்றி, ஐந்திலிருந்து பத்து நிமிடம். உள்ளே கெட்டியான எண்ணெய் இளகி வெளியே வரும். அது வந்தால் மறுநாள் காலை கண் உறுத்தாது, எனக்கு இதுதான் தெளிவாகத் தெரிந்த வித்தியாசம்.

பேபி ஷாம்புவை நீர்க்கக் கலந்து கழுவும் பழைய வழக்கத்தை என் டாக்டர் இப்போது சொல்வதில்லை, கண்ணீர்ப் படலத்துக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்கிறார். டீ ட்ரீ எண்ணெய் பூச்சிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு பாட்டிலிலிருந்து அப்படியே தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், கலக்காத எண்ணெய் கண்ணைச் சுட்டுவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கும் நாளில் எண்ணெய் நெற்றி வழியாக இறங்கினால் லாஷ் பசை இளகும், அதனால் நான் முதல் நாள் இரவே வைத்துத் தலையைத் துணியால் கட்டிவிடுகிறேன்.

கழுவினால் லாஷ் விழுந்ததா? கழுவாத காலத்தில் மூன்றாம் வாரம் பாதிகூட மிஞ்சாது. இப்போது மூன்றாம் வாரத்தில், விழுந்த இடத்தில் மட்டும் புதிதாக ஒட்டும் ரீஃபிலுக்குப் போகும்போது பாதிக்கு மேலேயே நிற்கிறது. தினமும் ஒன்றிரண்டு முடி விழுவது இயற்கை, சொந்த முடி தன் காலம் முடிந்து விழும்போது ஒட்டினதும் கூடவே போகும், அதற்குக் கழுவுவதைப் பழி சொல்லக்கூடாது.

பசை பற்றியும் சொல்லவேண்டும், தொற்றையும் அலர்ஜியையும் நம் பெண்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தப் பசை சயனோஅக்ரிலேட், காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். மழைக்காலத்தில் ரங்கூன் காற்றில் ஈரம் சொட்டும்போது அது முடியில் வைப்பதற்குள் இறுகிப்போகும், ஒட்டினாலும் நிற்காது, அந்தப் பருவத்துக்கு வேறு பசை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கரண்ட் போய் ஏசி நின்று அறையும் மூடியிருந்தால் ஆவி கண்ணை எரிக்கும், அன்று நான் எழுந்து வந்துவிடுவேன். அலர்ஜி என்றால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் ஒன்றாக வீங்கும், அரிப்புதான் அதிகம், ஒட்டின ஒன்றிரண்டு நாளில் வரும். ஒரு தடவை வந்துவிட்டால் அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரலாம், அவர்களுக்கு லாஷே வேண்டாம். தொற்று அநேகமாக ஒரு பக்கம் தொடங்கும், தொட்டால் வலிக்கும், பீளை கட்டும். இமை முழுக்க வீங்கி மூடிக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணை உருட்டினால் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஒத்தடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சின்னச் சிவப்பைக்கூட விடக்கூடாது.

நான் பழைய பார்லரை விட்டதற்குக் காரணம் ட்வீசர். எனக்கு முன்னால் படுத்திருந்தவருக்கு மெட்ராஸ் ஐ மாதிரி கண் சிவந்திருந்தது, அவருக்கு வைத்த அதே ட்வீசரை டிஷ்யூவில் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்கள். நீல விளக்கு எரியும் பெட்டியில் வைத்தால் போதும் என்பதும் நம்புவதற்கில்லை, பசையும் அழுக்கும் ஒட்டியிருக்கும் இடத்துக்குள் அந்த வெளிச்சம் போகாது. முதலில் சோப்பில் கழுவி, பிறகு அழுத்தமான நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் செய்யவேண்டும், அது இல்லாத இடத்தில் குறைந்தபட்சம் கழுவி 70 சதவீத ஆல்கஹாலில் ஊறவைக்கவாவது வேண்டும். சீவும் பிரஷும் ஜெல் பட்டையும் ஒருவருக்கு ஒன்று, உறையை என் கண்ணெதிரே பிரிக்கவேண்டும். இப்போது போகும் இடத்துத் தங்கச்சி நான் கேட்காமலே பிரித்துக் காட்டுகிறாள்.

போன வாரம் ரீஃபில் நாள் காலையில் இடது இமை ஓரம் தொட்டால் லேசாக வலித்தது. போன் போட்டுத் தள்ளிவைத்துவிட்டேன். தினமும் மூன்று தடவை பிளாஸ்க் ஒத்தடம், மையே இல்லை, நான்காம் நாள் கட்டியாகாமலே அடங்கியது. அதற்குள் அந்தப் பக்கம் ஏழெட்டு லாஷ் விழுந்து இடைவெளி தெரிகிறது, புதன்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.