முதல் காம்பவுண்ட் வில்லில் நான் ஏமாந்தது இப்படித்தான்

மான் வேட்டைக்கு முதல் காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) தேடுகிறீர்கள், கையில் பணம் குறைவு, பழைய வில் ஒன்று எல்லாச் சாமானும் சேர்த்து மலிவாக வருகிறது என்றால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். குறிபார்க்கும் சைட், அம்பைத் தாங்கும் ரெஸ்ட், அம்பறாத்தூணி, ஆறு அம்பு எல்லாம் சேர்த்து ஒரே விலை. விற்றவர் திரும்பத் திரும்பப் பேசியது வேகத்தைப் பற்றி. "நொடிக்கு 340 அடி போகும் தம்பி. 70 பவுண்ட் இல்லாம மான் பக்கமே போகாதீங்க." நான் நம்பிவிட்டேன். அந்த வேகம் 30 அங்குல டிரா லெங்த் (நாணை முழுதாக இழுக்கும் நீளம்), 70 பவுண்ட் இழுவை (இழுக்கத் தேவையான பலம்), 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்று வைத்து அளப்பது. டிரா லெங்த் ஓர் அங்குலம் குறைந்தாலே நொடிக்குச் சுமார் 10 அடி போய்விடும். வேட்டை அம்பு எடை கூடியது, அதில் இன்னும் கொஞ்சம் குறையும். குறைந்தால் குறையட்டும். 20 கஜத்தில் நிற்கும் மானுக்கு 45, 50 பவுண்ட் இழுவையும் கூரான பிராட்ஹெட் அம்புமுனையும் சரியான இடத்தில் பட்டால் போதும்.

அவர் என் கையை அளக்கவே இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். இரண்டு கையையும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அளந்து 2.5-ஆல் வகுத்தால் டிரா லெங்த் தோராயமாக வந்துவிடும். எனக்கு 69 அங்குலம், அதாவது 27.5-ஐ ஒட்டி. அந்த வில் 29.5-இல் நின்றது. "ஈஸியா மாத்திக்கலாம்" என்றார். கேமில், அதாவது வில் முனைச் சக்கரத்தில், வேறு மாட்யூல் துண்டு போட்டால்தான் மாறும் என்பதையோ, அந்த மாட்யூல் அவரிடம் இல்லை என்பதையோ சொல்லவில்லை.

வாங்கிய வாரமே நாண் முன்கையில் அடித்து நீலம் பாரித்தது. பழகினால் சரியாகிவிடும் என்று நானும் விடாமல் இழுத்தேன். சீசனில் ஒரு விடியற்காலை, இரண்டு மணி நேரம் குளிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெண்மான் 20 கஜத்துக்குள் வந்து தலையைக் குனிந்தது. உடம்பு விறைத்திருந்ததால் வில்லை நேராக வைத்து இழுக்க முடியவில்லை. வானத்தைப் பார்த்துத் தூக்கித்தான் இழுக்க வந்தது. அந்த அசைவு போதும், அது பாய்ந்து போய்விட்டது. போனதே நல்லது. அரைகுறையாக இழுத்து எய்து, வயிற்றில் அம்போடு அதை ஓடவிட்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

பெரிய ஏமாற்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. வில் டியூன் செய்பவரிடம் கொடுத்தேன். மேல் லிம்பில் (வில்லின் வளையும் தண்டு), கேமுக்குப் பக்கத்தில், சத்தம் குறைக்க ஒட்டியதாக விற்றவர் சொன்ன டேப்பை அவர் உரித்தார். ஒரு பஞ்சுருண்டையை எடுத்து லிம்ப் விளிம்பில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பஞ்சு இழை பிடித்து நின்றது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முடி அளவு விரிசல். யாரோ அம்பு வைக்காமல் நாணை விட்டிருக்க வேண்டும் என்றார். டிரை ஃபயர் என்பார்கள். அம்போடு போக வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே இறங்கிவிடும். இதை இழுக்கும்போது லிம்ப் உடைந்திருந்தால் முகத்துக்கு வந்திருக்கும் என்றார். அம்புகளின் ஸ்பைனும், அதாவது விறைப்பைக் குறிக்கும் எண்ணும், 500. எண் கூடக் கூட அம்பு வளையும். 70 பவுண்டுக்கு அது ஆபத்து.

விற்றவரைக் கேட்டேன். "பழைய சாமான், விற்றது விற்றதுதான்" என்றார். தயாரிப்பாளர் வாரண்டியும் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான்.

இப்போது நான் வில் பார்க்கும் விதம் வேறு. டேப், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உரிக்கச் சொல்வேன். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுவேன். பஞ்சு பையில் இருக்கும். கேமில் நெளிவு உண்டா, நாணில் இழை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். புது நாணும் அதைப் பிரஸ்ஸில் (வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி) வைத்து மாட்டும் கூலியும் விலையில் சேரும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இலக்கு வைத்து, சரியான அம்பைப் பூட்டி, வில்லை மேலே தூக்காமல் நேராக இழுப்பேன். வரவில்லையா, இழுவையைக் குறைக்க வேண்டும். நான் அடுத்து வாங்கியது புதிய தொடக்கநிலை வில். டிரா லெங்த், இழுவை இரண்டும் ஆலன் கீயாலேயே மாறும், பிரஸ் வேண்டாம். வேகம் குறைவுதான். 48 பவுண்டில் வைத்திருக்கிறேன், 20 கஜத்தில் அம்புகள் ஒரு கையகலத்துக்குள் விழுகின்றன.

பழையதை இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. இழுவிசையில் இருக்கும் நாணைக் கத்தியால் அறுத்துவிடாதீர்கள், அதுவே ஆளைக் காயப்படுத்தும். பிரஸ்ஸில் வைத்துக் கழற்றச் சொல்லி, இரண்டு லிம்பையும் ரம்பத்தால் குறுக்கே அறுத்துக் குப்பையில் போட்டேன்.