கேஏ நம்பர் கார்: இங்கே மாற்றுவதா, அங்கேயே விற்பதா?

கேஏ என்று தொடங்கும் கர்நாடகப் பதிவெண் காரோடு பெங்களூரிலிருந்து கோவைக்கோ ஈரோட்டுக்கோ திருப்பூருக்கோ குடிவந்தவர்கள் வீட்டில் சாமான்களை அடுக்கி முடிப்பதற்குள் எழும் கேள்வி இது. வழி இரண்டு. பழைய ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிவந்து காருக்குத் தமிழ்நாட்டுப் பதிவெண் போடலாம். இல்லையென்றால் காரை அங்கேயே விற்றுவிட்டு, இங்கே ஒரு பழைய டிஎன் வண்டி வாங்கலாம். வண்டி ஏழெட்டு வயதுக்குள் இருந்து, ஓட்டத்தில் குறை இல்லையென்றால் நம்பரை மாற்றுவதுதான் நல்லது என்பது என் கட்சி.

கேஏ நம்பரிலேயே ஓட்டிக்கொண்டிருப்பதை ஒரு வழியாக எண்ண வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47-ன்படி வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். பன்னிரண்டு மாதம் முடிந்து 30 நாளுக்குள் படிவம் 27-ல் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டியிராத பிஎச் (பாரத்) தொடர் பதிவெண் என்பது அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கும் உரியது. அடிக்கடி மாநிலம் மாறுகிறவருக்கு அது சௌகரியம். சொந்த ஊரில் நிலையாக வந்து உட்காருகிறவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

அங்கேயே விற்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. என்ஓசி வேண்டாம், இங்கே ஆயுள் வரி (ஒரே தடவையில் மொத்தமாகக் கட்டும் வாகன வரி) வேண்டாம், பணம் கைக்கு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வயதான வண்டிக்கு நானும் அதைத்தான் சொல்வேன். பதிவு முதல் தேதியிலிருந்து பதினைந்து வருடத்துக்குத்தான் செல்லும்; மிச்சமிருக்கும் மூன்று நான்கு வருடத்துக்காக வரி கட்டி அலைவதில் பொருள் இல்லை. ஆனால் வயது குறைந்த வண்டியை விற்றால், எங்கே தட்டுப்பட்டது, எப்போது கிளட்ச் மாற்றியது என்று விரல்நுனியில் தெரிந்த வண்டி போய், அடுத்தவர் ஓட்டிய வண்டி வந்து சேரும். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) நீங்கள் இரண்டாவது ஓனர். பழைய வண்டியையே உங்கள் பெயரில் இங்கே மாற்றினால் ஓனர் எண்ணிக்கை ஏறாது.

முடிவைத் தீர்மானிப்பது மறுவிற்பனை. எப்படியும் ஒருநாள் இந்த வண்டியை இங்கேதான் விற்பீர்கள். கொங்கு நாட்டுப் புரோக்கர் போனில் வண்டியின் பெயரைக் கேட்டதும் அடுத்துக் கேட்பது, “நம்பர் என்னங்க?” என்பதுதான். டிஎன் நம்பருக்கு ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியிருக்கும். வாங்குகிறவருக்குப் பெயர் மாற்றும் செலவு மட்டும். கேஏ நம்பர் என்றால் விற்கிறவர் கர்நாடக ஆர்டிஓவில் என்ஓசி எடுத்துத் தர வேண்டும், வாங்குகிறவர் இங்கே வரி கட்ட வேண்டும், நம்பர் மாற்ற வேண்டும். அவர் வரியை மட்டும் கழிப்பதில்லை. அலைச்சலுக்கு ஒரு தொகை, என்ஓசி வராமல் போனால் என்கிற பயத்துக்கு ஒரு தொகை என்று சேர்த்தே கழிப்பார். கடன் போட்டு வாங்குகிற ஆளாக இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆக வரியை இன்று நீங்கள் கட்டாவிட்டால், நாளை விலையில் அதைவிடக் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

வரி எவ்வளவு? 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எட்டு லட்ச ரூபாய் வண்டி புதிதென்றால் 1,04,000 ரூபாய். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயது ஏற ஏற விகிதம் குறையும். வாங்கிய விலையைக் காட்ட, வண்டியை முதலில் வாங்கியபோது தந்த இன்வாய்ஸைத் தேடி எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் விற்ற டீலரிடம் நகல் கேளுங்கள். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்கு உரிய பங்கு திரும்பக் கிடைக்கும். புது ஆர்சி, என்ஓசி நகல், பழைய வரி ரசீது, வங்கி விவரம் எல்லாம் சேர்த்துப் பழைய ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும். பணம் வர மாதக்கணக்கு ஆகலாம், அதை நம்பி இங்கே வரி கட்டத் திட்டம் போட வேண்டாம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் இந்தக் கணக்கு இதே மாதிரி நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த விலையில் கைமாறும் வண்டிகள் எனக்கு அதிகம் பழக்கமில்லை.

வேலை பெரும்பாலும் தடைப்படுவது என்ஓசியில்தான். என்ஓசிக்கான விண்ணப்பமான படிவம் 28-ஐக் கொடுக்கும் முன் அபராதச் சலான் பாக்கி எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். கடன் முடிந்திருந்தும் ஆர்சியில் வங்கிப் பெயர் நின்றால், வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து அதை நீக்குங்கள். எந்த ஆர்டிஓவுக்கு என்று எழுதும்போது கவனம் தேவை. கோவை ஒரே ஊர் என்றாலும் தெற்கு டிஎன் 37, வடக்கு டிஎன் 38, மத்தி டிஎன் 66, மேற்கு டிஎன் 99. வீடு ஒரு எல்லையில், என்ஓசி இன்னொரு எல்லைக்கு என்றால் அதைத் திருத்தத் திரும்பவும் பெங்களூருக்குத்தான் போக வேண்டும். வாடகை ஒப்பந்தம் போட்டு, எந்த எல்லை என்று உறுதிசெய்த பிறகே விண்ணப்பியுங்கள்.

வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தாளில் தேய்த்தெடுத்து விண்ணப்பத்தோடு தரும் அச்சு சின்ன விஷயம்தான், ஆனால் பலரைத் திருப்பி அனுப்புவதும் அதுதான். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கையும் கிரீஸையும் துடைத்துக் காயவிடுங்கள். கத்தியால் சுரண்டவே கூடாது, எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். மெல்லிய வெள்ளைத் தாளை இரு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, பென்சிலைச் சாய்த்து ஒரே திசையில் தேயுங்கள். பதினேழு எழுத்தும் விழ வேண்டும். அதை அங்கேயே ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வருவதில்லை. ஆர்சியில் ஓ என்று இருந்தால் அது பூஜ்யத்தைத் தப்பாக அடித்தது. அதைப் பெங்களூரிலேயே திருத்திக்கொண்டு கிளம்புங்கள், இங்கே வந்து திருத்துவது பெரும்பாடு.

புது நம்பர் வந்ததும் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், ஃபாஸ்டாக், இன்சூரன்ஸ் மூன்றையும் அந்த வாரமே மாற்றுங்கள். முதலில் இன்சூரன்ஸ். பாலிசியில் பழைய நம்பர் இருக்கும்போது எங்காவது இடித்துவிட்டால், வண்டி ஒன்றுதான் என்று நிரூபிக்கும் பாடு உங்கள் தலையில் விழும். புது ஆர்சி நகலைக் கொடுத்து நம்பர், முகவரி இரண்டையும் சேர்த்தே மாற்றித் தரச் சொல்லுங்கள்.