சிலிண்டர் கண்ணாடியோடு 36 வருஷம்

போன வருஷம் ஆடி மாசம். துணியில் குறை பார்க்கும் செக்கிங் மெஷினில் சிங்கிள் ஜெர்சி என்கிற பனியன் துணி ரோல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பையன், "ஏனுங்கண்ணா, நீடில் லைன் ஓடுதுங்களே, பாக்கலீங்களா?" என்றான். மெஷினை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். மேலிருந்து கீழாக, தலைமுடி கனத்தில் ஒரு கோடு; பின்னல் ஊசி பழுதானால் விழுவது. குறைக்குத் தக்கபடி புள்ளி போடும் 4 பாயிண்ட் கணக்கில் ஒரு பாயிண்டுகூடப் போடாமல் நான் விட்டுக்கொண்டிருந்த ரோல் அது. அதே துணியில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருந்த பாரே என்கிற குறை மட்டும் எனக்குப் பளிச்சென்று தெரிந்திருந்தது.

20 வயதில் எனக்கு இருந்த தொந்தரவு இதற்கு நேர் எதிர். 1989ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்தேன். அப்போது நெடுக்குக் கோடு சுத்தமாகத் தெரியும்; குறுக்கே கோடு போட்ட ஸ்ட்ரைப் துணி வந்தால்தான் ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் ஒரு நிழல் ஓடும். மதியத்துக்கு மேல் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். வெயில் சூடு என்று ஆறு மாசம் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பார்த்தேன். அப்புறம்தான் கண் டெஸ்ட். சீட்டில் வலது கண்ணுக்கு மைனஸ் 1.00 சிலிண்டர், ஆக்சிஸ் 175. இடதுக்கு மைனஸ் 1.75, ஆக்சிஸ் 180.

ஆஸ்டிக்மாடிசம் என்று டாக்டர்கள் சொல்வதைத்தான் கண்ணாடிக் கடையில் சிலிண்டர் என்கிறார்கள். கருவிழியின் முன்பக்கம் பந்துபோல எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். எங்கள் கண்ணில் அது உரித்த தேங்காய் மாதிரி. நெட்டுவாக்கில் தடவினால் ஒரு வளைவு, குறுக்கே தடவினால் வேறொரு வளைவு. அதனால் ஒரு திசைக் கோடு விழித்திரையில் சரியாக விழும்போது மற்றத் திசைக் கோடு தள்ளி விழுந்து கலங்குகிறது. எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் சிலிண்டர் எண். எந்தத் திசையில் என்பது ஆக்சிஸ், 1 முதல் 180 வரை. பவர் ஏறிச்சா இறங்கிச்சா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். பக்கத்திலேயே எழுதியிருக்கும் ஆக்சிஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

முதல் அடி அதில்தான் விழுந்தது. 1996ல் புதுக் கண்ணாடி வாங்கினேன், எந்தக் கடை என்பது வேண்டாம். போட்டுக்கொண்டு வெளியே வந்தால் ரோடு ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. பஸ் படிக்கட்டில் கால் வைக்க பயம். "பழகிரும்ங்க, பத்து நாள் போடுங்க" என்றார்கள். பத்து நாள் வாந்தி வராத குறை. கடைசியில் வேறொரு கடைக்காரர் லென்ஸை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். டாக்டர் எழுதிய 170ல் நடு எண்ணை 1 என்று படித்து 110ல் வெட்டியிருக்கிறார்கள். 10 டிகிரி தப்பினாலே சிலிண்டர் செய்யும் வேலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி தப்பினால் போட்டும் போடாத கணக்கு. 60 டிகிரி தப்பினால் கண்ணாடி இல்லாமல் இருப்பதைவிட மோசம். அந்தப் பத்து நாளும் நான் பழகிக்கொள்ளப் பார்த்தது அதற்குத்தான்.

அதிலிருந்து கடையிலேயே ஒரு காரியம் செய்கிறேன். கண்ணாடியை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒற்றை லென்ஸ் வழியாகக் கதவு நிலையின் விளிம்பைப் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றுவேன். சிலிண்டர் இருந்தால் லென்ஸுக்குள் தெரியும் நிலைக்கோடு கத்தரிக்கோல் போல ஒரு பக்கம் சாயும். சாயாமல் வெளிக்கோட்டோடு ஒட்டி நிற்கும் இடம்தான் ஆக்சிஸ், அல்லது அதற்குச் செங்குத்து. டிகிரிக் கணக்கு இதில் கிடைக்காது, ஆனால் 170ஐ 110 ஆக்கிய வேலை அங்கேயே பிடிபட்டுவிடும்.

இன்னொரு சமயம் வீணாகப் பயந்தேன். ஓர் இடத்தில் மைனஸ் 1.00 ஆக்சிஸ் 180 என்று எழுதியதை, அடுத்த இடத்தில் பிளஸ் 1.00 ஆக்சிஸ் 90 என்று எழுதிவிட்டார்கள். கண் 90 டிகிரி திரும்பிவிட்டதாக நினைத்து அன்று இரவு தூக்கமே இல்லை. இரண்டும் ஒரே கண்ணாடிதான். பிளஸில் எழுதும்போது சிலிண்டருக்கு முன்னால் எழுதும் சாதாரண பவர் எண் மாறும், ஆக்சிஸ் சரியாக 90 தள்ளும், அவ்வளவுதான். சீட்டில் ஆக்சிஸ் அப்படி மொத்தமாக 90 மாறியிருந்தால் முதலில் குறியைப் பாருங்கள்.

2003ல் டோரிக், அதாவது சிலிண்டர் சேர்ந்த கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன். பனியன் 80, 85, 90 என்று வருவது மாதிரி, இதில் சிலிண்டர் 0.75, 1.25, 1.75 என்றுதான் பெரும்பாலும் வருகிறது. ஆக்சிஸ் பத்துப் பத்தாக. நம் அளவுக்கு எது பக்கமோ அதுதான். லென்ஸின் அடிப்பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும், சுழலாமல் நிற்பதற்கு. நல்ல லென்ஸ்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காற்றிலேயே பஞ்சு பறக்கிற கம்பெனியில் நாளுக்கு நாலு தடவை கண்ணைக் கசக்குவோம். கசக்கினால் லென்ஸ் திரும்பும், திரும்பினால் துணி கலங்கும். 14 மாசத்தில் விட்டுவிட்டேன். ஆபீஸ் வேலைக்காரர்களுக்குச் சரியாக வரும்.

லேசருக்கும் விசாரித்தேன், 36 வயதில். குறைந்தது ஒரு வருஷம் பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும், கருவிழி கனம் போதுமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் சரி. ஆனால் லேசர் இன்றைய கருவிழியைத்தான் திருத்தும். வயதால் வரும் மாற்றம் அதன் பாட்டுக்கு நடக்கும். 40 தாண்டினால் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி எப்படியும் வேண்டும். எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. 22 வயதில் கேட்டிருந்தால் செய்திருப்பேனோ என்னமோ.

2016ல் ஒரு அதிசயம் நடந்தது. வலது கண்ணுக்கு சிலிண்டரே தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். இடதும் 1.25க்கு இறங்கியிருந்தது. வீட்டில் பொன்னாங்கண்ணிக் கீரைக்குப் பெருமை சேர்ந்தது. நானும் கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்தேன். சரி, கண்தான் தேறிவிட்டதே என்று எட்டு வருஷம் டெஸ்ட் பக்கமே போகவில்லை.

நீடில் லைனைத் தவறவிட்ட பிறகு போய் உட்கார்ந்தபோது டாக்டரம்மா விளக்கினார். இளம் வயதில் பெரும்பாலோருக்குக் கருவிழி மேல் கீழ் திசையில் அதிகம் வளைந்திருக்கும். வயதாக ஆக அந்த வளைவு தளர்ந்து, பக்கவாட்டு வளைவு மேலோங்கும். இமையின் அழுத்தம் குறைவதும் ஒரு காரணம் என்கிறார்கள். பத்து வருஷத்துக்குச் சுமார் கால் பவர் கணக்கில் மெதுவாக நடக்கும், சிலருக்குக் கொஞ்சம் வேகமாக. அப்படி 180லிருந்து 90க்குப் போகும் வழியில் நடுவே ஒரு பூஜ்யம் வரும். கோயமுத்தூர் பஸ் அவினாசியில் நின்றதும் ஊர் வந்துவிட்டது என்று நான் இறங்கிக்கொண்டேன். பஸ் அதன் பாட்டுக்குப் போய்விட்டது. இப்போது வலது மைனஸ் 0.50, ஆக்சிஸ் 90. இடது 0.75க்கு இறங்கிவிட்டது, ஆனால் நான் போட்டிருந்ததோ பழைய 1.25. குறையை மீறித் திருத்தினால் அது எதிர்த்திசைக் குறைதானே. இரண்டு கண்ணிலும் நெடுக்குக் கோடு கலங்கியதற்கு இதுதான் காரணம்.

இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி தன் இடது கண்ணுக்கு சிலிண்டர் லென்ஸ் செய்து போட்டது 1825 வாக்கில். அதோடு விடாமல் பல வருஷம் கழித்தும் அதே கண்ணை அளந்து, எப்படி மாறியிருக்கிறது என்று எழுதினார். நான் எட்டு வருஷம் சும்மா இருந்தவன்.

மெதுவாக நடப்பதுதான் வயதின் வேலை. வேகமாக ஏறினால் விஷயம் வேறு. தங்கச்சி மகனுக்கு 17 வயதில் ஒரே வருஷத்தில் சிலிண்டர் 1.50லிருந்து 3.00 ஆனது. கண் அரிப்பு என்று எந்நேரமும் விரல் முட்டியால் தேய்ப்பான். மூன்று கண்ணாடி மாற்றிய பிறகுதான் கருவிழி வளைவைப் படமெடுக்கும் டோபோகிராபி எடுத்தார்கள்: கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய். ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு அல்ட்ரா வயலட் ஒளி காட்டும் கிராஸ்லிங்கிங் செய்தார்கள். அது ஏறுவதை நிறுத்தத்தான், ஏறிய பவரை இறக்க இல்லை. இப்போது கெட்டி கான்டாக்ட் லென்ஸ் போடுகிறான். "மாப்ள, கைய எடு" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அம்மாவின் கதை 2019ல். காங்கயம் பக்கம் மேட்டாங்காட்டில் வெயிலும் புழுதியுமாக வேலை செய்த கண். சதை வளர்ந்து கருவிழியை இழுத்து, அதனாலேயே சிலிண்டர். முதலில் சதையை எடுத்து, கருவிழி ஒரு நிலைக்கு வரும்வரை சில மாசம் காத்திருந்து, அப்புறம் அளவெடுத்துப் புரை ஆபரேஷனில் டோரிக் லென்ஸ் வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவை நேராக உட்கார வைத்துக் கருவிழி ஓரத்தில் மையால் குறி வைத்தார்கள். மல்லாந்து படுத்தால் கண் சில டிகிரி சுழன்றுவிடுமாம்; உள்ளே வைக்கும் லென்ஸ் 1 டிகிரி தப்பினாலும் 3 சதவீதத்துக்கு மேல் பலன் குறையும். "ஏஞ்சாமி, கண்ணுக்கு மை வெளியதான வெப்பாங்க, இவிய உள்ளயே வெக்கறாங்களே" என்று அம்மா கேட்க, நர்ஸம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். மறு வாரம் பஸ் போர்டை எனக்கு முன்னால் அம்மா படித்தார்.

நான் இப்போது தூரத்துக்கும் பக்கத்துக்கும் ஒரே லென்ஸான புராக்ரசிவ் போட்டிருக்கிறேன், புது ஆக்சிஸோடு. முதல் மூன்று நாள் தரை மிதந்தது. கதவு நிலையில் சோதித்துத்தான் வாங்கினேன் என்பதால் இந்த முறை பொறுத்துக்கொண்டேன். அந்த ரோல், துணி பிறகு சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பேக்டிங்குக்குப் போய்த் திரும்பி வந்தது. நீடில் லைன் அங்கேயேதான் இருந்தது, நாலடி தள்ளி நின்றே தெரிந்தது. இடது கண் இன்னும் 180ஐ விட்டு நகரவில்லை. சித்திரையில் அதையும் போய்ப் பார்க்கணும்.