வெறுங்காலா, செருப்பா, ஷூவா? பாண்டி பீச் ரோட்டில் ஓர் ஒப்பீடு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. விடிகாலையில் அங்கே போய் நின்று, முகங்களை விட்டுவிட்டு கால்களை மட்டும் பாருங்கள். பாதிப்பேர் ஷூ, மீதிப்பேர் ரப்பர் செருப்பு, நடுவே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் போகிற சிலர். "வெறுங்காலுக்கு ஈடே இல்லை" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் இதை எழுதத் தோன்றியது.

வெறுங்கால் நல்லதுதான், மணலில். பாதத்தின் சின்னச் சின்னத் தசைகளுக்கெல்லாம் அங்கே வேலை கிடைக்கும். ஆனால் கால் புதையும் மணலில் அதே வேகத்தில் நடக்க, கெட்டித் தரையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். பழக்கமில்லாதவர் முதல் நாளே காந்தி சிலைக்கு வடக்கே உள்ள மணலிலோ, கடலூர் சில்வர் பீச்சிலோ ஒரு மணி நேரம் நடந்தால் மறுநாள் ஆடுசதை பேசும். பத்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிவு. ஒரே திசையில் போனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே இருக்கும். அதனால் அதே வழியில் திரும்பி வருவது நல்லது.

அதே வெறுங்கால் நடைபாதைக் கல்லில் என்றால் கதை வேறு. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் குதிகால் சுரீர் என்று குத்துகிறதா? பத்தடி நடந்ததும் குறைந்து, வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வருகிறதா? குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டை நொந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். அப்படி வலி உள்ளவர்களுக்கு வீட்டு டைல்ஸ் தரையில்கூட வெறுங்கால் வேண்டாம்.

ரப்பர் செருப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழன்றுவிடாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடித்தே நடக்க வேண்டும், குதிகாலுக்கும் பிடிமானம் கிடையாது. பால் வாங்கப் போகப் போதும்.

தினசரி நடைக்கு என் ஓட்டு ஷூவுக்கு. விலையைப் பார்க்கும் முன் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நடுவில் தோசை மாதிரி மடிந்தால் வைத்துவிடுங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போய் வாங்கினால் அளவு சரியாக அமையும். 500 முதல் 800 கிலோமீட்டரில் அடிப்பாகத்தின் மெத்தென்ற தன்மை போய்விடும். தினம் 4 கிலோமீட்டர் நடப்பவருக்கு அது நாலிலிருந்து ஆறேழு மாதம். மேலே புதுசாகத் தெரிந்தாலும் குதிகால் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. மணலோ கல்லோ, வெறுங்கால் கூடவே கூடாது. கிளிஞ்சல் கிழித்தாலும் தெரியாது, வெயிலில் சுட்ட தரை கொப்புளம் போட்டாலும் தெரியாது. எம்சிஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு அவர்களுக்கு ஏற்றது: கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீளும். பின்னால் வார் வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் உணர்ச்சியில்லாத காலிலிருந்து செருப்பு நழுவினால்கூடத் தெரியாது.

எதைப் போட்டு நடந்தாலும் மறுநாள் காலையில் கணக்குப் பார்த்துவிடலாம். இரண்டு ஆடுசதையும் ஒரே மாதிரி அசதியாக இருந்தால் அது நடையின் களைப்பு, சுவரில் கை ஊன்றி அரை நிமிடம் சதையை இழுத்துவிட்டால் சற்று இதமாக இருக்கும். ஒரு காலில் மட்டும், விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால் நடையைக் குறையுங்கள். சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ வேறு செருப்பு மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.