"கோடாக் மூடப்போறான், கடைசி ஸ்டாக்" என்று சொல்லி ஃபிலிம் விற்றால் வாங்காதீர்கள்

மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் முழுசாகப் படியுங்கள். ஃபிலிம் நிற்கப்போகிறது என்று பயமுறுத்தி, மொத்தமாக ரோல் வாங்கச் சொல்லி யாராவது உங்களைக் கூப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒத்துக்கொண்டேன். 20 ரோல், 22,000 ரூபாய். பணம் போனதைக்கூட ஒரு வழியாக ஆற்றிக்கொண்டேன், எங்கள் குலசாமி கும்பிட்டில் எடுத்த எட்டு ரோல் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். 2025 ஆகஸ்டில் கோடாக் பற்றி ஒரு செய்தி எல்லா இடத்திலும் ஓடியது, ஞாபகம் இருக்கும். அந்தக் கம்பெனி தன் காலாண்டுக் கணக்கில், ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய கடனுக்கு இன்னும் பணம் உறுதியாகவில்லை, அதனால் தொடர்ந்து நடத்த முடியுமா என்பதில் சந்தேகம் இருக்கிறது என்கிற மாதிரி எழுதியிருந்தது. கணக்கு விதிப்படி எழுதியே ஆகவேண்டிய எச்சரிக்கை அது. ஆனால் செய்தியாக வந்தபோது "133 வருடக் கம்பெனி மூடப்படுகிறது" என்று ஆகிவிட்டது. ஓரிரு நாளிலேயே கோடாக், மூடும் எண்ணம் இல்லை, திவால் மனு போடும் எண்ணமும் இல்லை, பென்ஷன் நிதியில் மிஞ்சும் பணத்தை வைத்துக் கடனை அடைக்கப்போகிறோம் என்று அறிக்கை விட்டது. அந்த மறுப்பு நான் இருந்த எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரவில்லை. முதல் செய்தி மட்டும் நாலு குழுவில் வந்தது.

பழைய கேமரா வாங்கி விற்கும் ஒரு குழுவில் இருந்துதான் அந்த ஆள் என் நம்பரை எடுத்திருக்கிறார். "அண்ணே, நியூஸ் பாத்தீங்களா? இனிமே கோடாக் கோல்டு 200 ஃபிலிம் வராதுண்ணே. ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் குடோன்ல இருந்து கடைசி லாட் எடுத்து வச்சிருக்கேன், கோயம்புத்தூர்ல பாதி கேட்டுட்டாங்க, நீங்க நம்ம ஊருக்காரர்னு சொல்றேன்" என்றார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் வைத்துப் பார்த்தோம். தெர்மாக்கோல் பெட்டி ஒன்றைத் திறந்தார், உள்ளே ஐஸ் பையெல்லாம் போட்டு ரோல்களை வரிசையாக அடுக்கியிருந்தார். எடுத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறவர் ஏமாற்ற மாட்டார் என்று அந்த இடத்தில் நம்பிவிட்டேன். 12,000 ஜிபேயில், மீதி 10,000 கையில். பில் கேட்டதற்கு "லாட்டு சரக்குக்கு பில் வராதுண்ணே" என்றார்.

பெட்டியில் தேதி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அடிப்பக்கம் வெள்ளை லேபிள் ஒட்டி, அதில் எம்ஆர்பி, இறக்குமதி செய்த மாதம், காலாவதி 03/2027 எல்லாம் அச்சாகியிருந்தது. வெளிநாட்டுச் சரக்கு எதை வாங்கினாலும் அப்படி ஒரு லேபிள் இருக்கத்தானே செய்யும், அதனால் உறுத்தவில்லை. அந்த லேபிள் எதை மறைத்து ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. 35 எம்எம் ரோலில் காலாவதித் தேதி அட்டைப்பெட்டியில்தான் இருக்கும், உள்ளே இருக்கும் கேசட்டில் இருக்காது. பெட்டியில் இருப்பதை மறைத்துவிட்டால் வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஆறு மாதம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். ஒரு ரோலைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், கடைசி ஸ்டாக்கை எதற்கு வீணடிப்பது என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் மாசிப் பச்சைக்கு உசிலம்பட்டி பக்கம் எங்கள் கோயிலில் ரொம்ப வருடம் கழித்து எல்லாப் பங்காளிகளும் கூடினோம். அப்பா முன்னே திருமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். "இந்த ஒரு தடவையாவது ஃபிலிம்ல எடுடா" என்று அவரே தன் யாஷிகா கேமராவைத் துடைத்துக் கொடுத்தார். சாமிப் பெட்டி வந்தது, கிடா வெட்டு, பந்தி என்று எட்டு ரோல் எடுத்தேன். அப்பத்தாவையும் அவர் தங்கச்சிகள் இருவரையும் புளிய மரத்தடியில் சேர்த்து உட்கார வைத்து ஒரு ரோல் முழுக்க அவர்களையே எடுத்தேன். மூன்று பேரும் தண்டட்டி போட்ட காது, இனி அந்த மாதிரி மூன்று பேரை ஒன்றாக எங்கே போய் எடுப்பது?

சென்னைக்கு கூரியரில் கழுவ அனுப்பினேன். நாலாம் நாள் லேபில் இருந்து போன், "சார், இது எந்த வருசத்து ஃபிலிம்?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அதே நாள் கழுவிய மற்றவர்கள் ரோலெல்லாம் சரியாக வந்திருக்கிறது. எனக்கு வந்த ஸ்கேனில் நிழல் விழுந்த இடமெல்லாம் செங்கல்பொடி தூவினது போல ஒரே புள்ளி, வானம் அழுக்கு ரோஸ். அப்பத்தா முகம் எங்கே முடிகிறது, பின்னால் மரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. தண்டட்டி இருந்த இடத்தில் ஒரு மங்கல்.

நெகட்டிவ் வந்ததும் அப்பா டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். படத்தை அவர் பார்க்கவே இல்லை, இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தார். கலர் நெகட்டிவில் அந்த இடம் தெளிவான ஆரஞ்சாக இருக்க வேண்டும், இதில் கலங்கிய பழுப்பாக இருந்தது. "வெளிச்சமே படாத இடம் இப்படி இருண்டு கெடக்குன்னா இது வருசக்கணக்கா வெக்கையில கெடந்த ஃபிலிம்டா" என்றார். அப்புறம்தான் மிச்சமிருந்த ஒரு பெட்டியை எடுத்து லேபிளை நகத்தால் கிளப்பினேன். பாதி பசையோடு வந்தது, மீதியைத் தண்ணீர் தொட்டு உரித்தேன். அடியில் கோடாக் அச்சடித்த தேதி: 06/2013.

காலாவதியான ஃபிலிம் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை, தெரிந்தே வாங்கி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் அதிகமாக, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் கொடு என்று அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு, அதுவும் ஓரளவு குளிர்ச்சியில் இருந்த ரோலுக்குத்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் பத்துப் பன்னிரண்டு கோடை கிடந்த ரோலுக்கு அந்தக் கணக்கும் உதவாது. தெரிந்து வாங்கினால் 200 ரூபாய்க்கு வாங்கியிருப்பேன், கோயிலுக்கு எடுத்துப் போயிருக்கவும் மாட்டேன். அந்த ஐஸ் பை எல்லாம் அன்று காலையில் வைத்ததாகத்தான் இருக்கும்.

போன் செய்தால் "ஃபிலிம்னா அப்படித்தாண்ணே இருக்கும், அந்த வின்டேஜ் லுக்குக்குத்தான எல்லாரும் வாங்குறாங்க" என்றார். தேதி மேல் லேபிள் ஒட்டியதைக் கேட்டதும் கட் செய்துவிட்டார், அன்றைக்கே பிளாக்.

புரளி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களுக்கு மூலதனமே அதுதான். முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்ப மாட்டோம். கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது உண்மை, மறு வருடமே அதிலிருந்து வெளியே வந்ததும் உண்மை. கோடாக்குரோம் என்ற அவர்களுடைய ஃபிலிம் 2009இல் நின்றது, திரும்ப வரவே இல்லை. எக்டாகுரோம் என்ற இன்னொரு ஃபிலிமை நிறுத்தினார்கள், 2018இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஃபியூஜியின் புரோ 400எச் 2021இல் நின்றது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் ரோச்செஸ்டரில் இருக்கும் கோடாக் ஃபிலிம் ஆலையைப் புதுப்பிக்கக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள், அதற்கும் "மூடிட்டான்" என்று கிளம்பியது. கடைசியாக, மூடப்போவதாக இவர் எனக்குச் சொன்ன அதே கோடாக், 2025 அக்டோபரில் கோடாகலர் 100, 200 என்று இரண்டு ஃபிலிமைத் தானே நேரடியாக விற்பனைக்கு விட்டது. நான் பணம் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நிற்கிற ஃபிலிம் எது என்றால் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயரைச் சொல்லிக் கம்பெனி அறிவிக்கும். அடுத்த தடவை யாராவது சொன்னால் எந்த ஃபிலிம், கம்பெனி எங்கே அறிவித்தது என்று அந்த இரண்டை மட்டும் கேளுங்கள். அப்பா காலத்தில் அந்த வசதி இல்லை. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' கருப்பு வெள்ளை ரோலில்தான் அவர் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். அது கடைக்கு வருவது குறைந்து குறைந்து ஒருநாள் வரவே இல்லை, அவ்வளவுதான், யாரும் வந்து பயமுறுத்தவில்லை என்கிறார்.

வாங்கும்போது பெட்டி இல்லாத ரோல் என்றால் வேண்டாம். லேபிள் தேதியை மறைத்திருந்தால் அங்கேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு ரோல் மட்டும் வாங்கி, கழுவிப் பார்த்து, அப்புறம் மீதி. பில் இல்லாமல் எதுவும் வேண்டாம். ஜிபேயில் போட்ட 12,000க்கு சைபர் மோசடிப் புகார் எண் 1930இல் புகார் கொடுத்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915இலும் கேட்டேன், கையில் கொடுத்த 10,000க்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

அந்த ஆள் புது நம்பரில் மறுபடி விற்க ஆரம்பித்திருக்கிறார் என்று தேனியில் இருந்து ஒரு தம்பி நேற்றுச் சொன்னார், அதே தெர்மாக்கோல் பெட்டி, இந்தத் தடவை கோடாக்கின் இன்னொரு ஃபிலிம் பெயரைச் சொல்லி 'அல்ட்ராமேக்ஸ் நிக்கப்போகுது' என்கிறாராம். லேபிளில் எம்ஆர்பி நீல மையில் இருக்கும், வலது ஓரம் கத்தரிக்கோலால் வெட்டினது போலக் கோணலாக இருக்கும். உரித்த பெட்டியும் உரிக்காத பதினொரு பெட்டியும் என்னிடம் இருக்கின்றன. அதே மாதிரி லேபிளோடு யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.